நான் மவுத்தாக்கிய பதினேழு பேர்

காலிதீன் மச்சானை மவுத்தாக்கியது நான்தான். கத்தி எடுத்துக் கொலை செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பியூட்டரில் ஒரு கட்டத்துக்குள் போய், அதில் விழுந்த பட்டியலில் 'இறந்தவர்' என்பதைத் தெரிவுசெய்து ஒரு பட்டனை அமத்தினேன். அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. அந்த நேரம் மச்சான் கடலில் சூரை பிடித்துக்கொண்டு முழு உசிரோடு இருந்தார். அந்த வாரத்துக்குள் இன்னும் பதினாறு பேரை அதே மாதிரி முடித்தேன். செய்தது பிழையென்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் செய்தாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சுனாமிக்கு முந்தி என் மூத்த சகோதரி சவாஹிரா ராத்தாவின் வீடு கல்முனைக்குடிக் கடற்கரையில் இருந்தது. எங்கள் உம்மா தன் கழுத்து, கை, காதில் கிடந்த எல்லாவற்றையும் விற்றுக் கட்டிக் கொடுத்த வீடு. கலியாணத்தன்று மச்சான் ஒரு பெட்டி உடுப்போடு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு. ஆண் அதில் வந்து குடியிருப்பவன். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தமிழ் ஆட்களுக்கும் இதே வழக்கம்தான். ராத்தாவுக்கும் மச்சானுக்கும் சண்டை வந்தால் ராத்தா அழுதுகொண்டு உம்மாவிடம் ஓடி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மச்சான்தான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவார்.

அலை அந்த வீட்டை அத்திவாரத்தோடு கொண்டு போனது. மூன்று பிள்ளைகளும் பிழைத்தது அல்லாஹ்வின் காவல். பிறகு கடற்கரையில் திரும்பக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. எத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்பதை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். அரசியல்வாதிகள் வந்து ராத்தாவின் உடைந்த படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று மேற்கே வயலை மூடி வீட்டுத்திட்டம் கட்டத் தொடங்கியது. வீடு கிடைக்கிறவர்களின் விவரத்தைக் கம்பியூட்டரில் பதியும் வேலைக்கு என்னை எடுத்தார்கள்.

அந்த நிறுவனத்துக்குப் பெரிய கம்பியூட்டர் கம்பனி ஒன்று புரோகிராம் ஒன்றை இலவசமாகக் கொடுத்திருந்தது. கம்பனியின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் வழக்குப் போடும் உரிமை தங்களுக்கு இருக்கிறதென்று ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்பத்துநாலு பக்கத்தையும் வாசித்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். இலவசம் மூன்று வருடத்துக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. நாங்கள் பதியும் விவரங்களைத் தங்கள் 'பங்காளர்களோடு' பகிர்ந்துகொள்வார்கள் என்று அதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. பங்காளர் யார் என்று எங்கேயும் இல்லை. அவர்கள் கொடுத்த பதாகையில் மட்டும் பெரிய எழுத்தில் 'மனிதாபிமானம்' என்று இருந்தது. நான் அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன்.

புரோகிராமில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதற்குள் கணவனின் பெயரைப் போட்டால் வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் அதே பெயர் தானாக வந்து விழும். அழித்தால் திரும்பவும் விழும். எங்களைப் பழக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"சேர், சொந்தக்காரர் எண்ட இடத்துல பொம்புளைட பேரப் போட ஏலாம இரிக்கே?"

"குடும்பத் தலைவர் உயிரோட இருந்தா அவருடைய பேர்தான் விழும் மிஸ். சிஸ்டம் அப்படி."

"போன வீடு பொம்புளைட. காணி பொம்புளைட. இவர் எங்க இரிந்து வந்த தலைவர்?"

"சிஸ்டத்தில அதுக்கு இடமில்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கேயோ குளிரான ஒரு நாட்டில் கண்ணாடிக் கட்டிடத்துக்குள் இருந்துகொண்டு யாரோ ஒருவன் ஒரு கட்டத்தைக் கீறுகிறான். அதனால் கல்முனைக்குடியில் உம்மா விற்ற நகையெல்லாம் மச்சானுக்குச் சொந்தமாகிறது. பாராளுமன்றத்தில் சட்டம் மாற்றுவதென்றால் வாக்கெடுப்பு வேண்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. அந்தக் கிழமை பெண்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, "புள்ள, வீடு எங்கட பேர்லதானே வரும்?" என்று கேட்டார்கள். "ஓம், ஓம், பாப்பம்" என்று அனுப்பினேன்.

பிறகு அந்தக் கட்டத்தை நோண்டினேன். கணவன் 'பிரிந்தவர்' என்று போட்டால் சொந்தக்காரர் பெயரை மாற்றலாம். ஆனால் நீதிமன்றக் கட்டளையின் இலக்கம் கேட்டது. 'காணாமற்போனவர்' என்று போட்டால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கேட்டது. 'இறந்தவர்' என்று போட்டால் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. சுனாமியில் செத்தவர்களுக்குச் சான்றிதழ் எங்கே இருக்கப்போகிறது என்று யாரோ இரக்கப்பட்டு அந்த ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். பிஸ்மி சொல்லிக்கொண்டு, முதலில் மச்சானையும் பிறகு என்னிடம் வந்து கேட்ட பெண்களின் கணவன்மார் பதினாறு பேரையும் கூட்டிக்கொண்டு அதற்குள்ளால் புகுந்தேன்.

அடுத்த வருடம் சாவி கொடுத்தார்கள். மூன்று அரசியல்வாதிகளின் பெயரோடு மூன்று கல் நட்டார்கள். ராத்தாவுக்குக் கிடைத்த வீட்டுப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்ற சொல்லும் இருந்தது. ராத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மச்சான் கடதாசி என்றாலே ஓடுகிற ஆள். சொந்தமாக ஒரு போட் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்காக வங்கிக்குப் போனார். "உங்கட பேர்ல காணிப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டார்களாம். இல்லையென்று திரும்பி வந்து, பழையபடி மற்றவருடைய போட்டில் கடலுக்குப் போனார்.

உதவி நிறுவனம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, கம்பியூட்டரையும் என்னையும் வீடமைப்பு அலுவலகத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி அமிர்தலிங்கம் ஐயா. பாண்டிருப்பு ஆள். கதை குறைவு, வேலை சுத்தம். அவரிடம் இரண்டு வருடம் வேலை செய்தும் என் பதினேழு மவுத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

2009 மே பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை காலை. முக்காடு நழுவ ராத்தா அலுவலகத்துக்குள் ஓடி வந்தாள்.

"புள்ள, மச்சானப் புடிச்சி வெச்சிட்டாங்க! புதுப் பாஸ் எடுக்கப் போன இடத்துல நேவி புடிச்சிட்டாங்க!"

"என்னத்துக்கு?"

"அவர் மவுத்தாப் போயிட்டாராம்! மவுத்தான ஆள்ர ஐடென்டிகாட்ட வெச்சிக்கிட்டுத் திரியிற நீ ஆரெண்டு கேக்கிறாங்களாம்!"

வன்னியில் சண்டை முடிகிற நாட்கள் அவை. கடலுக்குப் போகிறவர்களின் பாஸை எல்லாம் புதுப்பித்து, ஒவ்வொரு பெயரையும் ஒரு பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலுக்குள் என் பதினேழு பேரும் எப்படிப் போனார்கள் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. எந்தப் பங்காளரிடமிருந்து எந்தப் பங்காளருக்குப் போனதோ, சின்ன எழுத்து தன் வேலையைக் காட்டிவிட்டது. செத்தவனின் அட்டையோடு பிடிபடுகிறவன் அந்த நாட்களில் யாராக இருப்பான் என்று அவர்கள் நினைப்பார்கள்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"புதன்கிழமை பகல் லொறியில கொழும்புக்கு விசாரணைக்கு அனுப்பப் போறாங்களாம்," என்றாள் ராத்தா. கொழும்புக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புரோகிராமைத் திறந்தேன். ஓசைப்படாமல் மச்சானை உயிர்ப்பித்துவிட்டால் போதும், பிறகு ஏதோ எழுத்துப் பிழை என்று கடிதம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: உங்கள் உரிமக் காலம் முடிவடைந்துவிட்டது, தகவல்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. பார்த்தேன். 'இறந்தவர்' என்று நன்றாகத் தெரிந்தது. கம்பனியின் உதவிப் பிரிவுக்கு மெயில் எழுதினேன். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் உயிர் இதில் தங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்திருந்தது. மெலனி என்று கையெழுத்து. மெலனி என்று ஒருத்தி இருக்கிறாளா, அதுவும் ஒரு புரோகிராமா என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். என்னுடைய அனுபவம் அவர்களுக்கு மிக முக்கியமாம். இறந்தவர் என்ற நிலையை மாற்றும் வசதி இந்தப் பதிப்பில் இல்லையாம். காசு கட்டிப் புதிய பதிப்புக்கு மாறினால் வேண்டுகோளைப் பரிசீலிப்பார்களாம். அதுவரை அந்த நபரைக் குடும்பத்தில் 'புதிய உறுப்பினராக' சேர்க்கலாமாம். புதிய உறுப்பினரைச் சேர்க்க ஒரே ஒரு வழிதான் புரோகிராமில் இருந்தது, பிறப்பு. அதாவது நாற்பத்திரண்டு வயது மச்சானை ராத்தாவுக்குப் பிள்ளையாகப் பெற்றுக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மனிதனை மவுத்தாக்க ஒரு சதமும் கேட்காத கம்பனி, அவனை ஹயாத்தாக்கக் காசு கேட்டது. சாகடிப்பது இலவசம், உசிர் கொடுப்பதற்குக் கட்டணம். இப்படியொரு வியாபாரத்தை எங்கள் சந்தையில் யாராவது செய்தால் அன்றைக்கே அடி விழும்.

அன்றைக்குத்தான் சண்டை முடிந்ததென்று ரேடியோவில் சொன்னார்கள். சந்தியில் பட்டாசு வெடித்தது. கடைகளில் கொடி ஏறியது. ராத்தா வீட்டில் யாரும் வாசலுக்கு வரவில்லை. கட்சி அமைப்பாளர் மஜீட் காக்கா மட்டும் வெள்ளைச் சாரத்தோடு வந்து நடு வீட்டில் குந்தினார்.

"இது எதிர்க்கட்சிக்காரன்ட வேல. பட்டியல அவனுகள்தான் மாத்தியிருக்கானுகள். நான் எம்.பி.யிட்ட சொல்லுறன். நீங்க ஒரு பெட்டிசன் எழுதுங்க, புள்ளைகள வரிசையா நிக்க வெச்சி ஒரு படம் எடுப்பம்."

"காக்கா, தேர்தல் இப்ப இல்லயே," என்றேன்.

"வரும்தானே புள்ள," என்றார்.

அவரை அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போனேன். ராத்தா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ராத்தா, எதிர்க்கட்சியும் இல்ல, ஒண்டும் இல்ல. நான்தான் மச்சானை மவுத்தெண்டு போட்டன். வீடு உங்கட பேர்ல விழணும் எண்டு."

ராத்தா சட்டியைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"மூணு வருசத்துக்கு முந்தி."

"அப்ப நான் மூணு வருசமாக் கைம்பொஞ்சாதியா?"

"கடதாசியில ஓம்."

கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். "நான் இத்தா கூட இரிக்கல்லயே புள்ள," என்றாள் ராத்தா. "அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் என்ட கையால சோறு திண்டுட்டுப் போனாரே!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றபோது கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. ஈரக் கை. நன்றாகவே எரிந்தது.

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லு. வீட்ட அவங்களே எடுக்கட்டும். எனக்கு மனிசன் வேணும்."

"மூத்தவளுக்குப் பத்தொம்பது வயசு ராத்தா. இந்த வீடுதானே நாளைக்கு அவளுக்கு."

"அவளுக்கு வாப்பா வேணும்," என்றாள். பிறகு அரிசியை அடுப்பில் ஏற்றினாள்.

அமிர்தலிங்கம் ஐயா திங்களும் செவ்வாயும் அலுவலகத்துக்கு வரவில்லை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். தாடி மழிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. ராத்தாவும் நானும் அவர் அறைக்கு வெளியே நின்றிருந்தோம். நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் சொன்னேன்.

"எத்தனை பேர்?"

"பதினேழு, ஐயா."

"பதினேழா!" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னகா பிள்ளை நீ செஞ்சிருக்காய்? அஞ்சு மாசமா நான் ஒவ்வொரு பட்டியலாத் தேடிக்கொண்டு திரியிறன். வன்னிக்குள்ள இருந்த என்ட தங்கச்சிட பேர் நேத்துப் பின்னேரம்தான் வவுனியா முகாம் பட்டியல்ல கிடைச்சது. அந்த ஒரு வரியைக் கண்டிட்டு நான் ரோட்டில நிண்டு அழுதன். நீ என்னெண்டா உசிரோட இருக்கிற ஆக்களை இல்லையெண்டு எழுதிப்போட்டு நித்திரை கொண்டிருக்காய்!"

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. விம்மி விம்மி அழுதேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

"சரி. அவர் உசிரோட இருக்கிறாரெண்டு நான் கடிதம் தாறன். ஆனா ஒண்டை விளங்கிக்கொள். அவர் இருக்கிறாரெண்டு நான் எழுதின உடன அவர்தான் குடும்பத் தலைவர். விதிப்படி வீட்டை அவர்ர பேருக்கு நான் மாத்த வேணும்."

"ஐயா, உங்கட வீடு ஆர்ர பேர்ல?"

"சின்னத்தங்கத்திட பேர்ல." சின்னத்தங்கம் அவருடைய மனைவி. "அது வேற கதை."

"என்ன வேற கதை, ஐயா?"

அவர் பேனையை மூடித் திறந்தார். "அவர் எனக்கு அந்த வீட்டில உரித்தில்லை, அது பெண்சாதியிட எண்டு தானா எழுதித் தந்தா நான் விடலாம். ஆனா நினைச்சுப் பார். வங்கி அவரிட்டக் காணிப் பத்திரம் கேட்டிருக்கு. பத்திரம் வந்தா போட் வரும். ரெண்டு நாளா அடைபட்டுக் கிடக்கிறார், அதுக்குக் காரணம் மச்சினி எண்டு இப்பதான் அறியப்போறார். எந்த மனிசன் எழுதித் தருவான்?"

மச்சான் நல்ல மனிதர்தான். ஆனால் போட் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மச்சானை அடைத்து வைத்திருந்த துறையடி நேவிச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பத்தரை. லொறி வாசலில் நின்றது. அதன் பின்கதவு திறந்து கிடந்ததைப் பார்த்ததும் ராத்தா மணலில் இருந்துவிட்டாள். பெண்களை உள்ளே விடவில்லை. அலுவலக ஆள் என்று சொல்லி நான் மட்டும் ஐயாவுக்குப் பின்னால் போனேன்.

பொறுப்பாக இருந்த அதிகாரி இளம் ஆள். ஐயா சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மச்சானைக் கூட்டி வந்தார்கள். தாடி வளர்ந்து, சாரம் கசங்கி, இரண்டு நாளில் பத்து வயது கூடிப்போயிருந்தார். அடித்த மாதிரித் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் முன்னால் நின்று, நான் செய்ததை என் வாயால் சொன்னேன்.

"அப்ப நீதானா?" என்றார்.

"நான்தான் மச்சான்."

"இவங்க ரெண்டு நாளா நான் ஆரெண்டு கேக்கிறாங்க. நான் காலிதீன் எண்டா, காலிதீன் மவுத்து எண்டுறாங்க. ராவு எனக்கே சந்தேகம் வந்திட்டு புள்ள. கைய நுள்ளிப் பாத்தன்."

ஐயா தொண்டையைச் செருமினார். "தம்பி, இந்தக் கடிதத்தின்படி நீங்க உசிரோட இருக்கிற குடும்பத் தலைவர். வீடு உங்கட பேருக்கு மாறும். புதுப் பத்திரம் உங்கட பேர்ல வரும். அது உங்களுக்கு வேணாமெண்டா வேணாமெண்டு எழுதித் தரவேணும். எழுதாட்டியும் உங்களை விடுவினம், அதில பயமில்லை. ஆற அமர யோசிச்சுச் சொல்லுங்க."

"பத்திரம் என்ட பேர்ல வருமா?"

"ஓம்."

"வங்கிக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்."

மச்சான் ஜன்னலால் வெளியே பார்த்தார். கரையில் இழுத்து வைத்திருந்த போட்டுகள் அங்கிருந்து தெரிந்தன. மூத்தவளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"உம்மா வித்த நகையில கட்டின வீட்டுக்குப் பதிலாக் கிடைச்ச வீட்ட நான் எப்பிடி எடுக்கிற?" என்றார் மச்சான். "ஐயா, வீட்டுக்கு நான் மவுத்தாவே இரிக்கன். கடலுக்கு மட்டும் என்ன ஹயாத்தாக்கித் தாங்க."

அமிர்தலிங்கம் ஐயா மச்சானின் தோளைத் தட்டினார். பிறகு அதைச் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. கிடைக்கிற வீட்டை ஒருவன் ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்டார். என்னுடைய வீடும் என் மனைவியினுடையதுதான், முப்பது வருடமாக அதில் நல்லாகத்தான் இருக்கிறேன் என்று ஐயா பதில் சொன்னார். அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே லொறிக்காரனுக்குக் கையைக் காட்டினார். லொறி பின்கதவைச் சாத்திக்கொண்டு காலியாகப் போனது.

ஐயா ஜே.பி., அதாவது சமாதான நீதவானும் என்பதால் சத்தியக் கடதாசியை அந்த மேசையிலேயே தமிழில் தன் கையால் எழுதினார். எழுத எழுத வாசித்தார். "மேற்படி வீடு எனது மனைவிக்கே உரியது. அவர் விரும்பும் வரை நான் அதில் குடியிருப்பவன்."

"விரும்பும் வரை எண்டு போடாதீங்க ஐயா," என்று மச்சான் பதறினார். "அவ கோவக்காரி."

ஐயா அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'என் ஆயுள் வரை' என்று எழுதினார். மச்சான் கையெழுத்து வைத்தார்.

மற்றப் பதினாறு பேரையும் இங்கேயே சொல்லி முடிக்கிறேன். நல்ல காலம், அவர்களில் யாரும் அந்தக் கிழமை பாஸ் எடுக்கப் போகவில்லை. அவர்களையும் அழைத்து இதே மாதிரி எழுதினோம். பதினைந்து பேர் அன்றைக்கே கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அவருக்கு வீட்டில் மூன்று நாள் சோறு கிடைக்கவில்லை என்று கேள்வி, நாலாம் நாள் வந்து வைத்தார். எனக்கு ஐயா எழுத்தில் எச்சரிக்கை தந்தார், பதினேழு கடதாசியையும் மூன்று மூன்று பிரதியாகக் கையால் எழுத வைத்தார். கம்பனியின் கம்பியூட்டரைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளினோம். அதற்குள் அந்தப் பதினேழு பேரும் இன்றுவரை மவுத்துத்தான், மெலனி காசுக்காகக் காத்திருக்கட்டும்.

சாவடி வாசலில் மச்சானைக் கண்டதும் ராத்தா எழும்பினாள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. அவருடைய சாரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். ஐயா அலுவலகத்துக்குத் திரும்பினார், நாங்கள் மூன்று பேரும் ஒரு ஓட்டோவில் ஏறினோம். ஓட்டோ சந்தியைத் தாண்டியது. பிறகு மச்சான் மடியிலிருந்து தன் பிரதியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ராத்தா அதை எழுத்துக் கூட்டி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினாள். ஓட்டோக்காரன் பயந்து வேகத்தைக் குறைத்தான்.

"என்ன புள்ள, என்னத்துக்கு அழுறாய்? ஐயா பிழையா எழுதிட்டாரா?" என்றார் மச்சான்.

"எழுதினது சரி," என்றாள் ராத்தா. "நீங்க இல்லாத வீடு எனக்கென்னத்துக்கு எண்டு ரெண்டு நாளா அல்லாஹ்விட்டக் கேட்டுக்கிட்டு இரிந்தன். இப்ப வீடும் இரிக்கி, நீங்களும் இரிக்கீங்க. இந்தச் சந்தோசத்த நான் எங்க வெக்கிற?"

மச்சானின் கண்ணும் கலங்கிவிட்டது. எனக்குத் துணிச்சல் வந்தது. "பாத்தீங்களா, நான் அண்டைக்குச் செய்ஞ்சதும் ஒரு வகைக்கு நல்லதுதானே," என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீ வாயப் பொத்து!" என்றார்கள்.